இரண்டு அடுப்படிகள், ஒரு தராசு

ஒரு வீட்டுக்குள் போய், "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கிறீர்கள். அந்த வீட்டுப் பெண் பதில் சொல்லுமுன் கொஞ்ச நேரம் உங்களைப் பார்க்கிறாள். அந்த நேரத்தில் அவள் நேற்றைய சோற்றை நினைவுபடுத்திக்கொள்கிறாள் என்றுதான் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அவள் நினைத்துப் பார்ப்பது சோற்றை மட்டுமல்ல, உங்களையும்தான். நீங்கள் யார், எங்கே தங்கியிருக்கிறீர்கள், அவள் சொல்லும் பதில் உங்கள் வாய் வழியாக யார் காதுக்குப் போய்ச் சேரும் என்பதையெல்லாம் அவள் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள்.

உணவுக் கணக்கெடுப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். வழிமுறைகளை உங்கள் புத்தகங்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்லும். அதனால் ஒரே ஒரு குறுவை அறுவடைக் காலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இப்போது நினைத்தால் அந்த நாட்கள் நடந்தவைதானா, தூக்கத்தில் கண்டவையா என்று சில சமயம் எனக்கே சந்தேகம் வரும். அப்படி ஒரு மங்கலான வெளிச்சத்தில்தான் அவை என் மனசுக்குள் இருக்கின்றன.

எழுபதுகளின் தொடக்கம். மனையியல் படித்துவிட்டு நான் வேலைக்கு வந்த புதிது. எங்கள் ஊர் கூத்தாநல்லூர். வாப்பா மலேயாவில் கடை வைத்திருந்தவர். அடுத்தவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சோற்றை நிறுப்பதற்குச் சம்பளம் தருவார்கள் என்று சொன்னபோது, "நம்ம வீட்டுச் சோத்தை ஒரு நாள் நீ அளந்து போட்டதில்ல, ஊரான் சோத்தையா நிறுக்கப் போறே?" என்று கேட்டார் உம்மா.

வேலை இதுதான். மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டறிய ஒரு கேள்வித்தாள் தயாராகியிருந்தது. அதை மாவட்டம் முழுவதும் கொண்டுபோவதற்கு முன்னால், அது உண்மையைச் சொல்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்காக ஒரு நாள் முழுக்க நான் ஒரு வீட்டில் உட்கார்ந்து, உலையில் போடும் அரிசியிலிருந்து தட்டில் மிஞ்சும் பருக்கை வரை தராசில் நிறுப்பேன். மறுநாள் காலையில் என்னோடு வேலை பார்த்த சரோஜா அதே வீட்டுக்குப் போய், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவாள். நான் நிறுத்ததும் அவள் கேட்டதும் தனித்தனி உறையில் தஞ்சாவூருக்குப் போகும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிற உரிமை சோதனையை நடத்திய எங்கள் டாக்டரம்மாவுக்கு மட்டும்தான். நான் கண்டதை சரோஜாவிடம் சொல்லக் கூடாது, அவள் கேட்டதை அவள் என்னிடம் சொல்லக் கூடாது. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தோம். சினிமா பேசுவோம், அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவோம், சோற்றைப் பற்றி மட்டும் பேச மாட்டோம்.

ஊர் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கரையில் இருந்தது. பெயர் வேண்டாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல்லும் தண்ணீரும்தான். காலையில் வாய்க்கால் மேல் ஒரு வெள்ளைப் புகைமூட்டம் படிந்திருக்கும். அதற்குள்ளிருந்து ஆட்கள் முதலில் தலையாகவும் அப்புறம் தோளாகவும் முளைத்து வருவார்கள். ஊர்ப் பண்ணையார், வட்டார அலுவலகம் கேட்டுக்கொண்டதால், தன் வீட்டுக் களஞ்சியத்துக்கு மேலே இருந்த மாடியறையை எங்களுக்குத் தங்கக் கொடுத்திருந்தார். அதன் ஜன்னலில் நின்றால் வயல்களும், வயல்களுக்கு அப்பால் பண்ணையில் வேலை செய்கிறவர்களின் தெருவும் தெரியும். அந்தத் தெருவில் சில வீடுகள், ஊருக்குள் சில வீடுகள், பண்ணையார் வீடு, எல்லாம் எங்கள் சோதனையில் இருந்தன.

புது ஆட்சி வந்து, அலுவலகத் தாள்கள் எல்லாம் தூய தமிழாகிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் கேள்வித்தாளும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. முதல் நாள் சரோஜா அந்தத் தெருவில் போய், தாளில் இருந்ததை இருந்தபடி வாசித்தாளாம்: "நேற்று தாங்கள் உட்கொண்ட உணவு யாது?"

"யாதுங்கறது யாரும்மா? அப்படி ஒருத்தரும் எங்க தெருவுல இல்லியே" என்றாள் அஞ்சலை.

அஞ்சலைக்கு என் வயதுதான். நடவானாலும் அறுப்பானாலும் அவள் குரல்தான் முதலில் எழும். அந்தத் தெருவில் நான் முதலில் போய் உட்கார்ந்தது அவள் வீட்டில்தான். தட்டுத் தராசைப் பார்த்ததும் எனக்குத் தராசம்மா என்று பெயர் வைத்தவளும் அவள்தான். நான் உட்கார்ந்திருக்கிறேனே என்பதற்காக முதல் நாள் பக்கத்து வீட்டில் முட்டை வாங்கி வந்து பொரித்தாள். "எப்பவும் செய்யறதைச் செய்யுங்க" என்றேன். "ஆள் உக்காந்து பாக்குறப்ப எப்பவும் செய்யறதை எப்படிம்மா செய்யறது?" என்றாள். அதற்கப்புறம் எந்த வீட்டிலும் முதல் நாள் நிறுவையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று டாக்டரம்மாவுக்கு எழுதினேன். அவர் ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றும் அஞ்சலை வீட்டில்தான் புரிந்தது. ஒரு மத்தியானம் வயல் நண்டை ரசமாக வைத்து எல்லாரும் குடித்தார்கள். கூட ஆரைக்கீரை. மறுநாள் சரோஜாவிடம், மத்தியானம் சாப்பிடவில்லை என்று சொல்லியிருந்தாள். இரண்டு உறையும் தஞ்சாவூரில் பிரிந்தபோது டாக்டரம்மா ஆள் அனுப்பி விசாரித்தார். அஞ்சலை பொய் சொல்லவில்லை. அவள் பேச்சில் சாப்பாடு என்றால் சோறு. சோறில்லாமல் வயிற்றுக்குள் போவது எதுவும் சாப்பாடாகாது. அதன் பிறகு கேள்வியை மாற்றினோம். "காலைல எழுந்ததுலேர்ந்து வாய்ல என்னென்ன போட்டீங்க?" என்று கேட்க ஆரம்பித்ததும் நண்டும் நத்தையும் கீரையும் நீராகாரமும் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு உறைகளும் ஒன்றையொன்று நெருங்கி வருவதாக டாக்டரம்மா எழுதினார். கேள்வித்தாள் நன்றாக வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அறுவடைக் கூலித் தகராறு வந்தது.

அந்த வருடங்களில் கீழத் தஞ்சையில் இது புதிதில்லை. நில உச்சவரம்பு, சாகுபடி உரிமை, கூலி, வெளியூர் ஆள் என்று எந்த ஊர் டீக்கடையிலும் இதுதான் பேச்சு. செங்கொடி ஒரு பக்கம், கறுப்பு சிவப்பு ஒரு பக்கம், மிராசுதாரர்களின் சங்கம் ஒரு பக்கம். எங்கள் ஊரில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். பண்ணையார் மறுத்தார். வெளியூர் ஆட்களை இறக்குவேன் என்றார். இறக்கினால் வரப்பில் குறுக்கே உட்காருவோம் என்றார்கள் அவர்கள். பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டார்கள். பஸ் நின்றது.

வயல் அப்படியே நின்றது. நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை. முற்றிய நெல், அறுக்க ஆளில்லாமல், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பழுத்த மஞ்சளாகக் கிடந்தது. கிளிகள் கூட்டமாக இறங்கித் தின்றுவிட்டு எழுந்தன, விரட்ட யாரும் இல்லை. வரப்பில் நடந்தால் நெல்மணிகள் தாமாகச் சேற்றில் உதிர்கிற சத்தம் கேட்கும், யாரோ ரகசியம் பேசுவது போல. தினமும் மத்தியானம் கிழக்கே மேகம் திரண்டு வரும். ஊரே அண்ணாந்து பார்க்கும். சாயங்காலம் அது கலைந்துபோகும். மழை இறங்கினால் கதிர் சாய்ந்து தண்ணீருக்குள் முளைத்துவிடும், பண்ணையாருக்கு எல்லாம் போய்விடும். மழை தள்ளிப்போனால் அந்தத் தெருவில் பானை காலியாகிவிடும். முதலில் வரப்போவது மழையா பசியா என்பதுதான் கேள்வி. அதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. எல்லாரும் கனவில் நடக்கிறவர்கள் மாதிரி மெதுவாக நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வேலை மட்டும் நிற்கவில்லை. காலையில் மாடியறை ஜன்னலில் நின்று அந்தத் தெருவைப் பார்ப்பேன். ஒவ்வொரு கூரையிலிருந்தும் நீலப் புகை எழுந்து, வயல் மேல் படிந்து, மஞ்சளும் நீலமுமாகக் கலந்து நிற்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். வேலை இல்லாவிட்டாலும் எப்படியோ சமைக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு நிம்மதி.

முறைப்படி அஞ்சலை வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டிய நாள் வந்தது. தராசோடு போய் உட்கார்ந்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பானை கொதித்தது. அஞ்சலை அகப்பையால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அரிசி போட்டாச்சா? நான் நிறுக்கலையே" என்றேன்.

அவள் அகப்பையை எடுத்துக் காட்டினாள். வெறும் தண்ணீர்.

"எதுக்கு எரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பொக வரணும்லம்மா" என்றாள். "பண்ணை வீட்டு மாடியிலேர்ந்து பாக்குறாங்கல்ல. ஒரு கூரையில பொக இல்லேன்னா போதும், இன்னும் ரெண்டு நாளு பொறுத்தா வேலைக்கு வந்துருவாங்கன்னு பண்ணையாரு நெனச்சுருவாரு. நாங்க தெருவே பேசி வச்சிருக்கோம். அடுப்பு அணையக் கூடாதுன்னு."

"நாளைக்கு சரோஜா வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"சோறு, கொழம்பு, கருவாடுன்னு சொல்லுவேன். நேத்து அடுத்த வூட்ல அதைத்தானே சொன்னாங்க." சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க பாத்துட்டீங்க. உங்ககிட்ட மறைக்க முடியாது. நீங்க படுத்துருக்கிறது எந்த வீடுன்னும் எங்களுக்குத் தெரியும்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள். வாசலில் நின்ற இன்னொருத்தி, பண்ணை வீட்டில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு ஆக்குகிறார்கள் என்று கேட்டாள், நான் சொல்லவில்லை.

சாயங்காலம் போல அஞ்சலை ஒரு துணி மூட்டையைப் பிரித்தாள். அரிசி. கொஞ்சம்தான். அதை நிறுத்தபோதே தெரிந்துவிட்டது. கூலி நெல்லைக் குத்தின அரிசி தடியாக, சிவந்த கோடு போட்டு இருக்கும். இது மெல்லிய, பழுப்பேறிய பழைய சம்பா. வருடக்கணக்கில் குதிரில் கிடந்த நெல்லுக்கு மட்டும் வருகிற ஒரு வாசனை உண்டு. வெந்தபோது ஒன்றோடொன்று ஒட்டாமல் பூத்தது. அந்தச் சோற்றை அஞ்சலை தெருப் பிள்ளைகளையெல்லாம் உட்கார வைத்து உருண்டை பிடித்துக் கொடுத்தாள். அவள் வாயில் ஒரு பருக்கை போகவில்லை. "எங்கேர்ந்து வந்துச்சு?" என்று நான் கேட்கவில்லை. அது என் தாளில் இல்லாத கேள்வி.

மறுநாள் எனக்குப் பண்ணையார் வீட்டு அடுப்படி. அந்த வீட்டு அம்மாவை நான் கோமதியக்கா என்று கூப்பிடுவேன். வேலையாட்கள் யாரும் வராததால் மாடு கறப்பதிலிருந்து எல்லாம் அவர் தலையில். அரிசியைக் களைவதற்கு முன் நிறுத்தேன், அதே பழைய சம்பா. வடித்த பிறகு சோற்றை நிறுத்தேன். அவ்வளவு அரிசிக்கு அந்தச் சோறு போதாது. இன்னொரு முறை நிறுத்தேன். அதேதான். அரிசியில் நல்ல பங்கு உலைக்குப் போகவே இல்லை. மாட்டுக்கு வைக்கும் கழுநீர்ப் பானை தொழுவத்துப் பக்கம் மூடி வைத்திருந்தது. அதன் மேல் ஒரு துணியின் நுனி தெரிந்தது.

நான் பார்த்ததைக் கோமதியக்கா பார்த்துவிட்டார். அடுப்பில் பால் பொங்கி வந்தது, அடுப்பை அணைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான்தான் எழுந்து அணைத்தேன்.

"குடல் பெருத்த வீடும்மா இது, மெகரு" என்றார், என் பெயரைச் சொல்லி. "எவ்வளவு ஆக்கினாலும் பத்தாது. நாளைக்கு அந்தப் பொண்ணு கேட்டா அப்படித்தான் சொல்லப் போறேன்."

"சொல்லுங்கக்கா" என்றேன்.

அப்புறம் அவராகவே, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னார்: "என் மூத்தவன் பொறந்தப்ப எனக்குப் பால் இல்ல. அந்தத் தெருவுலேர்ந்து ஒருத்தி வந்துதான் குடுத்தா. எங்க வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது. இவங்க அம்மாவுக்குத்தான் தெரியும், அவங்க போயிட்டாங்க."

ஒரு சோதனையில் இரண்டு அடுப்படிகள். இரண்டிலும் பொய்ப் பதில். ஒருத்தி இல்லாத சோற்றை உண்டு என்கிறாள், ஒருத்தி இருக்கிற அரிசியைத் தின்றாயிற்று என்கிறாள். இரண்டு பொய்யும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. நடுவில் தராசோடு நான்.

மறுநாள், இதை டாக்டரம்மாவிடம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். தஞ்சாவூருக்கு டிரங்க் கால் போட நீடாமங்கலம் போக வேண்டும். பஸ் இல்லை. வாய்க்கால் கரையோடு நடந்து போகலாம் என்று கிளம்பினேன், பாதி வழியில் போலீஸ்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபோது மேகம் அன்றைக்குக் கலையவில்லை. மத்தியானமே வீட்டுக்குள் இருட்டு. கூடத்தில் பண்ணையார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் காபி வந்தது. எடுத்து வந்து வைத்த கோமதியக்கா உள்ளே போகாமல் கதவுக்குப் பின்னால் நின்றார்.

பண்ணையார் கெட்ட மனிதர் என்று நான் எங்கும் சொன்னதில்லை. பயந்துபோன மனிதர். தாத்தா காலத்து நிலம் உச்சவரம்பில் போகுமோ, பினாமியில் எழுதினது நிற்குமோ என்று தூக்கம் கெட்டவர். முகம் ஒரு வாரத்தில் ஒடுங்கிப்போயிருந்தது.

"உக்காருங்கம்மா" என்றார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க சரோஜா நேத்து பேச்சுவாக்குல சொல்லிச்சு, அந்தத் தெருவுல எல்லாரும் ரெண்டு வேளையும் சோறு தின்னதாத்தான் சொல்றாங்களாம். நெசமாயிருந்தா நான் வீம்பு புடிக்கிறதுல அர்த்தமில்ல. இன்னிக்கே ஆள் விட்டுப் பேசி முடிச்சுக்குறேன். ஆனா பொய்யா இருந்தா..." வெளியே பார்த்தார். "மேகம் நாளைக்கும் கலைஞ்சுரும். ரெண்டு நாள்ல அவங்களே வந்துருவாங்க. நீங்க நிறுத்துப் பாத்தவங்க. உங்களுக்குத் தெரியும். சோறு இருக்கா, இல்லையா?"

பிள்ளைகளே, சரோஜாவைக் குறை சொல்லாதீர்கள். அவள் நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னாள். அவள் வாய் வழியாக அது இங்கே வர வேண்டும் என்றுதான் அந்தத் தெருவும் சொல்லி அனுப்பியது. கேள்வித்தாள் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

உண்டு என்று சொன்னால் பொய். அதுவும் நிறுக்கிறவளின் பொய். அதற்கப்புறம் என் தராசுக்கு மரியாதை இல்லை. இல்லை என்று சொன்னால் அத்தனை அடுப்பும் வீணாக எரிந்ததாகிவிடும். சொல்ல மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டால், சோறு இருந்தால் சொல்லியிருப்பாளே என்று அவர் புரிந்துகொள்வார். மௌனமும் ஒரு பதில்தான். கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. தூரத்தில் எங்கோ இடி, உருளாமல் முனகியது. தண்ணீரில் மிதப்பது போல இருந்தது. என் குரல் எனக்கே தள்ளிக் கேட்டது.

"ஐயா, உங்க வீட்டு அடுப்படியிலயும்தான் நான் நிறுத்தேன்."

"ஆமா. அதுக்கென்ன?"

"அந்தத் தெருவுல என்னைக் கேட்டாங்க. பண்ணை வீட்ல எவ்வளவு இருக்கு, எவ்வளவு ஆக்குறாங்கன்னு. நான் சொல்லல. உங்க அடுப்படியில பாத்ததை அவங்ககிட்டயும் சொல்லல, உங்ககிட்டயும் சொல்லல. யாரு வீட்டுப் பானையில இருக்கிறதும் அந்த வீட்டு வாசலைத் தாண்டி என் வாய் வழியா வராது. வரும்னா எந்த வீட்டுலயும் என்னை உள்ள விட மாட்டாங்க, உங்க வீட்டுலயும்."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுபோயிற்று. அவர் தெருவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார். "என்கிட்டயும் சொல்லல" என்ற சொல் கொஞ்சம் தாமதமாகத்தான் அவர் காதில் விழுந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தார். கோமதியக்கா தலைகுனியவில்லை. கணவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி நான் அவரை அதற்கு முன் கண்டதில்லை.

அந்த இரண்டு பேருக்கும் நடுவில் அப்போது என்ன போயிற்று என்று எனக்குத் தெரியாது. அவர் எதையும் கேட்கவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

நான் அன்றைக்கே மாடியறையைக் காலி செய்தேன். சரோஜாவையும் கூட்டிக்கொண்டு ஊர்க் கோடியில் இருந்த பால்வாடிக் கட்டடத்துக்குப் போய்விட்டேன். சண்டை முடியும் வரை எந்த வீட்டிலும் நிறுக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். அஞ்சலையிடம் போய்ச் சொன்னேன். "அடுப்பு எரியட்டும். நான் வர மாட்டேன்." அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை பண்ணையார் வில்வண்டி பூட்டி நீடாமங்கலம் போனார். தாசில்தார் முன்னால் பேச்சு நடந்தது. அவர்கள் கேட்டது முழுசாகவும் இல்லை, அவர் சொன்னது முழுசாகவும் இல்லை, நடுவில் ஒரு இடத்தில் கூலி நின்றது. என்னால்தான் இது முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. மேகம்தான் முடித்து வைத்தது. மனைவியின் கண்ணில் அவர் பார்த்ததும் கொஞ்சம் முடித்து வைத்திருக்கலாம். அன்று மத்தியானமே வயலில் ஆள் இறங்கியது. முதல் தூறல் விழ விழ அறுத்தார்கள். மழை மூட்டத்துக்குள் வரிசையாகக் குனிந்த முதுகுகளும், அரிவாள் போகிற சரசரப்பும், அதற்கு மேல் அஞ்சலையின் குரலும். பால்வாடி வாசலில் நின்று நனைந்துகொண்டே பார்த்தேன். பாதி நெல் நனைந்துதான் களம் சேர்ந்தது. ஆனால் சேர்ந்தது.

பஸ் ஓட ஆரம்பித்ததும் டாக்டரம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். நிறுவை நின்றுபோன சேதி அவருக்குப் பிடிக்கவில்லை. பால்வாடியின் குட்டிப் பெஞ்சில் முழங்கால் மடங்க உட்கார்ந்துகொண்டு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். தொடர்ச்சி போயிற்று, மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது, உன்னை யார் முடிவெடுக்கச் சொன்னது. நான் நடந்ததைச் சொன்னேன், ஆள் பெயர் சொல்லாமல்.

"அந்தத் தகராறு நாள் பதிலை எல்லாம் சேத்தா இந்தக் கேள்வித்தாள் குப்பைக்குப் போகும்" என்றார். "எடுத்துட்டா, ரொம்ப நல்ல கேள்வித்தாள். எது சரி?"

"தெரியலை மேடம்."

"எனக்கும் தெரியலை" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அறிக்கையில் அவர் அந்த நாட்களை மறைக்கவும் இல்லை, மற்றவற்றோடு கலக்கவும் இல்லை. தனியாக ஒரு பத்தி எழுதினார். பதில் சொல்கிறவருக்கு அந்தப் பதிலால் நன்மையோ தீமையோ வரக்கூடிய காலத்தில், இந்தக் கேள்வித்தாள் உணவை அளக்காது. பதில் சொல்கிறவர் எதற்குப் பயப்படுகிறார் என்பதைத்தான் அளக்கும் என்று. மேலிடத்தில் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் எடுக்கவில்லை. அதனால் எங்கள் திட்டம் அடுத்த மாவட்டத்துக்குப் போக ரொம்பத் தாமதமானது. அதையும் சொல்லிவிட வேண்டும். சரியாக நடந்துகொண்டால் எல்லாம் உடனே நன்றாக முடியும் என்று நான் உங்களிடம் சொல்ல வரவில்லை.

அறுவடை முடிந்து சோதனையை மறுபடி நடத்தினோம். அஞ்சலை வீட்டுக்குப் போனபோது கூலி நெல் குத்தி அரிசி இருந்தது. வாய்க்காலில் பிடித்த கெண்டை மீன் குழம்பு. எல்லாவற்றையும் நிறுத்தேன். எல்லாருக்கும் தட்டு வைத்தவள் எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

நிறுக்கிறவள் அந்த வீட்டில் சாப்பிடக் கூடாது. கணக்குக் கெடும். அவளுக்கும் அது தெரியும். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தத் தெருவில் அதுவரை வெளியிலிருந்து வந்த யாரும் தட்டில் கை வைத்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். தராசை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். என் தட்டுச் சோற்றையும் நிறுத்து எழுதிக்கொண்டுதான் சாப்பிட்டேன், அந்த மட்டுக்கும் வேலையை விடவில்லை. தாளில் அதற்கென்று இருந்த கட்டத்தில் "விருந்தினர் ஒருவர்" என்று எழுதினேன்.

மறுநாள் சரோஜா போனாள். வழக்கம்போல எல்லாம் கேட்டாள். அஞ்சலை குழம்பு, சோறு, காலையில் குடித்த நீராகாரம் வரை ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில், வெளியாள் யாராவது நேற்று சாப்பிட்டார்களா என்று சரோஜா கேட்டிருக்கிறாள். யாரும் இல்லை என்று பதில்.

தஞ்சாவூரில் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உறைகளைப் பிரித்தார். அந்த வீட்டில் எல்லா வரியும் பொருந்தியது. அந்த ஒரு கட்டம் மட்டும் இடித்தது. சிவப்பு மையால் வட்டம் போட்டார்.

"இவ ஒருத்தர்ங்கிறா, அந்தம்மா யாருமில்லைங்கிறாங்க. நீ சரியா கேட்டியா சரோஜா?"

"கேட்டேன் மேடம், ரெண்டு தடவை கேட்டேன். வெளியாள் யாரும் சாப்பிடல, எங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணு சாப்பிட்டுச்சு, அவ்வளவுதான்னு சொன்னாங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப இதுல யார் எழுதினது தப்பு?"

"நான் எழுதினதுதான் மேடம்" என்றேன்.

அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். நானே அடித்துவிட்டுத் திருத்தினேன்.